கடைசி வண்டிக்குப் பின்னால்

"நான்கு நாள் மிதிவண்டிப் பயணத்திற்கு நான்கு மாத ஆயத்தமா ஹஜ்ரத்?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டு நகைத்தார். அவர் நகைத்ததில் பிழையில்லை. எம் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. அதில் பதினான்கு பிள்ளைகளின் பெயர்கள், அவரவர் வண்டியின் நிலை, சாலைகள், கிணறுகள், தங்குமிடங்கள், அரிசியின் அளவு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் என்று இருபது பக்கங்களுக்குமேல் எழுதியாகிவிட்டது. ஹஜ்ஜுக்குச் செல்பவர்கூட இவ்வளவு எழுதுவாரா என்பது ஐயமே. ஆயினும், ஒரே ஒரு நாள் ஆயத்தத்தில் ஒரு பயணம் சென்று, அதன் பாரத்தை இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சுமந்து வருபவர் இவ்வாறுதான் எழுதுவார். அந்தக் கதையையும் இந்த ஆயத்தத்தையும் வாசகச் சகோதரர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் வாழும் திருவாதவூர், தமிழ் கற்றவர்கள் பெயர் சொன்னதும் அறிந்துகொள்ளும் ஊர். மாணிக்கவாசகரை வாதவூரர் என்றழைப்பது இவ்வூரைக் கொண்டே. சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுவென்றே வழங்கி வருகின்றனர். மாலை வேளைகளில் எம்மிடம் அரபியும் தமிழும் கற்கவரும் பிள்ளைகளுக்குக் கபிலரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பறம்புமலையின் தலைவன் பாரி மாண்டபின், அவனுடைய பெண்மக்கள் இருவரையும் கபிலர் தம் பொறுப்பில் அழைத்துக்கொண்டு, அவர்களுக்குப் புகலிடம் தேடி அந்த மலையை விட்டு நீங்கிய இடத்திற்கு வந்தபோது, ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்தப் பறம்புமலை எங்கே இருக்கு?" என்றான்.

"இன்று பிறான்மலை என்கிறார்கள். சிங்கம்புணரிக்கு அப்பால். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான்" என்றோம்.

"அப்ப சைக்கிள்லயே போயிரலாமே!"

வகுப்பு முழுவதும் ஆரவாரித்தது. கபிலர் பிறந்த ஊரிலிருந்து பாரி ஆண்ட மலைக்கு! அதன் அடிவாரத்தில் பழம்பெருங் கோயில், உச்சியில் ஷைகு அப்துல்லாஹ் அவுலியாவின் தர்கா. தமிழும் மார்க்கமும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் வேறெது? எமக்கும் ஆவல் பிறந்தது. ஆனால், வாய் சரி என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வகுப்பை முடித்தோம். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

2001-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை. அப்போது எமக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஓதிப் பட்டம் பெற்று வந்த மிடுக்கும், புதிதாய் வாங்கிய மிதிவண்டியும் இருந்தன. ஒன்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அழகர்மலை அடிவாரம் வரை ஒரு நாள் பயணம் புறப்பட்டோம். முதல்நாள் மாலை முடிவு. மறுநாள் காலை புறப்பாடு. வண்டிகளை நாம் பார்க்கவில்லை. யார் எவ்வளவு தூரம் ஓட்டுவார் என்று கேட்கவுமில்லை. நாம் முன்னே செல்ல, எம் இருபுறமும் கெட்டிக்கார மாணவர் இருவர். அவர்களோடு அரபி இலக்கணம் பேசிக்கொண்டே ஓட்டினோம். பேச்சின் சுவையில் சாலை சுருங்கிற்று.

திரும்பி வருகையில் அஸர் தொழுகைக்காக ஒரு பள்ளிவாசலில் இறங்கினோம். ஒளுச் செய்து முடித்துத் தலைகளை எண்ணினால் எட்டு. மீண்டும் எண்ணினோம், அப்போதும் எட்டுத்தான். காணாமற்போனவன் எல்லோருக்கும் இளையவன், பதின்மூன்று வயது. தன் அண்ணனின் உயரமான வண்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். இருக்கையில் அமர்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாது. அதைக் காலையில் எவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் நாம்.

வந்த வழியே திரும்பி ஓட்டினோம். பொழுது சாயும் நேரத்தில் சாலையோரப் புளியமரத்தடியில் அவனைக் கண்டோம். சங்கிலி கழன்று பல்சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இறுகிக் கிடந்தது. முழங்காலில் இரத்தம் உறைந்திருந்தது. கைகள் மசகுக் கறுப்பு. அவன் அழவில்லை. எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "கூப்பிட்டேன் ஹஜ்ரத், கேக்கல. நீங்க திரும்பிப் பாப்பீங்கன்னு இருந்தேன்" என்றான்.

நாம் ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்திருந்தால் அவன் கை அசைப்பது தெரிந்திருக்கும். சில நாள்களில் அவன் ஓத வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் வீடு தேடிச் சென்று அழைப்பது எம் கடமையாக இருந்தது. வெட்கம் தடுத்தது. இன்று போவோம், நாளை போவோம் என்றே காலம் ஓடிற்று. வழியில் விட்டு வந்தது ஒரு மாலைப்பொழுது. அதன்பின் தேடிப் போகாதிருந்ததோ ஆண்டுக்கணக்கு. இரண்டாவது பிழையே பெரிது.

பயணக் கூட்டத்தில் பலவீனமானவனின் தனிமை எத்தகையது என்பதை இப்னு பதூதா தம் பயண நூலாகிய ரிஹ்லாவில் பதிந்து வைத்திருக்கிறார். 1325-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், தான்ஜியரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டவர் அவர். வழியில் வணிகர் கூட்டமொன்றோடு சேர்ந்து தூனிஸ் செல்கையில் கடுங்காய்ச்சல் கண்டது. வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டம் விரைந்துகொண்டிருந்தது. இறங்கினால் பின்தங்க நேரும் என்பதால், கீழே விழாதிருக்கத் தம் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். தூனிஸ் நகரை அடைந்ததும் ஊரார் வந்து அவரவர்க்குத் தெரிந்தவர்களை வரவேற்றனர். இவரை வரவேற்க எவருமில்லை. கண்ணீர் வடித்தார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஆறுதலாகப் பேசி உடன் சென்றார். உலகம் சுற்றிய அப்பெருமகனார் எத்தனையோ அரசவைகளைப் பார்த்த பின்னும் அந்த ஒருவரின் அன்பை மறக்கவில்லை.

அதே இப்னு பதூதா 1340-களில் நம் மதுரைக்கும் வந்தார். அது மஃபர் சுல்தான் கியாஸுத்தீன் காலம். நகரில் கொள்ளைநோய் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. அவரையும் காய்ச்சல் பற்றியது. இப்பக்கத்தில் மிகுதியாகக் கிடைக்கும் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து நலம் பெற்றதாக எழுதியிருக்கிறார். புளியமரம் என்றதும் எமக்குப் பல காலமாக ஒரு சிறுவனின் முகமே தோன்றும். அந்தப் பயணியை இம்மண்ணின் புளி காப்பாற்றியதைப் படித்தபின், இந்தப் பயணத்தின் உணவுப் பட்டியலில் புளிப் பானகத்தை முதலில் எழுதினோம்.

பயணத்தின் ஒழுங்கை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களில் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது அபூதாவூதில் காணும் நபிமொழியின் கருத்து. அதை மதரஸாவில் எல்லோரும் ஓதுகிறோம். ஆனால், அமீர் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் எண்ணியதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்திற்குப் பின்னால் வருவார்கள். தளர்ந்தவரை ஊக்கி நடத்துவார்கள். தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்று அதே நூலில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜாபிர் அதை அனுபவித்தே அறிந்தவர். ஒரு பயணத்தில் அவருடைய ஒட்டகம் களைத்துப் பின்தங்கிவிட, நாயகம் (ஸல்) அவர்கள்தாம் வந்து அதை நடக்கச் செய்தார்கள். பின்னர் அதை விலைக்கும் வாங்கி, மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இதை நாம் எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம், முன்னால் சென்றுகொண்டே!

ஆதலின், நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில், "அமீர் கடைசி வண்டி" என்று எழுதிய பிறகே மற்றவற்றைத் தொடங்கினோம்.

முதலில் நாள். பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றார்கள் பிள்ளைகள். கூடாது என்றோம். தை பிறந்தால் சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் மஞ்சுவிரட்டு. அவிழ்த்துவிட்ட காளைகள் சாலையிலும் வரும். சிறுவர்களின் மிதிவண்டி வரிசைக்கு அது ஆகாது. அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் டிசம்பர் கடைசி வாரத்தைக் கொண்டோம். வெயில் தணிந்திருக்கும், பெருமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஓயாவிட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பது என்றும் இப்போதே எழுதிவிட்டோம். புறப்படும் நாளன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அந்த முடிவை எடுக்க இயலாது.

அடுத்து வழி. மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையைக் கடக்கலாம், அதன்மேல் ஓட்டக்கூடாது. மேலூர் வரை ஊர்ச்சாலை. அங்கிருந்து கிளைச்சாலைகளில் கருங்காலக்குடிப் பக்கம் முதல் இரவு. மறுநாள் சிங்கம்புணரி வழியே பிறான்மலை அடிவாரம். மூன்றாம் நாள் காலை மலையேறி இறங்கி ஓய்வு. நான்காம் நாள் விடியலில் புறப்பட்டு இடையிடையே நீண்ட ஓய்வோடு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் உதவியாசிரியரும் அவ்வழி முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம். முதலிரவுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதன் உரிமையாளரிடம் நேரில் அனுமதி பெற்றோம். தார்ப்பாய்களை மரங்களில் கட்டிக் கூடாரமாக்கிக்கொள்ளலாம். மழை வந்தால் ஒதுங்க அருகில் ஒரு கட்டடத் தாழ்வாரத்தையும் பேசி வைத்தோம். பெரியாறு வாய்க்காலில் நீர் ஓடும் காலமாதலால் அதில் குளிக்கக்கூடாது. பாசனக் கிணறுகளில் இறங்கக்கூடாது. குன்றுகளில் தீ மூட்டக்கூடாது. இம்மூன்றையும் சிவப்பு மையில் எழுதினோம். இரு பக்கத்துக் காவல் நிலையங்களுக்கும் கடிதம் கொடுப்பது என்பதும், பெற்றோர் கையொப்பமின்றி ஒரு பிள்ளையும் புறப்படலாகாது என்பதும் அடுத்த வரிகள்.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், போக வர மொத்தம் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். கஸ்ர் தொழலாமா?"

நல்ல கேள்வி. நம் ஹனஃபி மத்ஹபில் அதற்குரிய தூரம் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். போகவும் வரவும் கூட்டுவதில்லை. போகுமிடம் வரை மட்டுமே கணக்கு. பிறான்மலை அதற்குள் அடங்குவதால் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு இன்னொன்றையும் சொன்னோம்: முன்னோர் இத்தூரத்தைக் கல்லும் சங்கிலியும் கொண்டு அளக்கவில்லை. மூன்று நாள் பயணம் என்றார்கள். அதுவும் விரைந்தோடும் குதிரையின் பயணமன்று, ஒட்டகமும் கால்நடையாகச் செல்பவரும் நடுத்தரமாக நடக்கும் நடை. அவர்களுக்குத் தூரம் என்பதே மனிதனின் நடையாக இருந்தது. நாமும் அப்படியே அளப்போம் என்றோம்.

எங்ஙனம் அளப்பது? இதற்கு விடை எம் இல்லத்திலிருந்து வந்தது. எம் துணைவியார் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். 1991-ஆம் ஆண்டிலும் அதையடுத்தும் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் புதுக்கோட்டை நகரில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் வண்டியோட்டி வந்தார்கள். அந்த ஆண்டுகளில் வண்டி ஓட்டக் கற்றவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். எம் துணைவியாரும் அக்காலத்தில் கற்றவரே. எம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாங்க கத்துக்கிட்டப்ப, வராதவளுக்கு முதல்ல சொல்லிக் கொடுப்போம். வந்தவ தானா ஓட்டிக்குவா. நீங்க மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்க, அது யாரோட கிலோமீட்டர்?"

யாருடையதுமன்று, எம் மனக்கணக்கு. மணிக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தோம். அடித்துவிட்டு, ஒத்திகைக்கு நாள் குறித்தோம்.

ஒத்திகை ஓவாமலை வரை. எம் ஊரை அடுத்த இக்குன்றின் குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. துறவிகள் தங்குவதற்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை அவை சொல்கின்றன. ஊர் ஊராகச் செல்லும் அயலார்க்குத் தங்க இடம் கொடுத்ததைக் கல்லில் எழுதி வைத்த ஊர் நம் ஊர் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். பாறையைத் தொடாமல் பார்த்து, வேறு வழியே சுற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். எல்லோருக்கும் சிறிய பிள்ளை எடுத்துக்கொண்ட நேரம், ஓய்வு நீங்கலாக, ஒரு மணி இருபது நிமிடம். அதாவது மணிக்கு ஒன்பது. அந்த ஒன்பதே எம் அளவாயிற்று. முதல் நாளின் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஓய்வுகளையும் சேர்த்தால் ஒரு பகல் வேண்டும். விடிந்து பனி விலகிய பின் புறப்பட்டு, மாலை 5 மணிக்குள் இடம் சேர்ந்து, மஃரிபுக்குப் பின் ஒரு சக்கரமும் உருளாது என்று வகுத்துக்கொண்டோம்.

அந்த ஒத்திகை பல உண்மைகளைக் காட்டிற்று. பதினான்கு வண்டிகளில் ஐந்தின் பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. இரண்டின் டயர்களில் நூல் தெரிந்தது. முதுகில் மூட்டை சுமந்தவர்கள் விரைவில் களைத்தார்கள். ஆதலின் சுமை கேரியரில் மட்டும். தலைக்கு எட்டுக் கிலோவுக்கு மேற்படாது. பழைய மாதிரி வண்டியே ஏறத்தாழ இருபது கிலோ இருக்கும். அதற்குமேல் சுமை கூட்டினால் சிறுவனின் கால் என்ன செய்யும்? ஒருவனுக்கு வண்டியே இல்லை. நாம் இளைஞராயிருந்த காலத்தில் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இன்று அவை மறைந்துவிட்டன. அவனுடைய அக்காளுக்கு அரசு கொடுத்த வண்டியை, அவள் விடுமுறையில் தருவதாக ஒப்புக்கொண்டாள். இருக்கையைத் தாழ்த்தி, அவன் கால் தரைக்கு எட்டுகிறதா என்று நாமே அமர்த்திப் பார்த்தோம்.

கியர் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருவர். காற்றாய்ப் பறப்பார்கள். அவர்களைத் தடுத்தால் மனம் சுருங்குவார்கள். பம்பு, ஸ்பேனர், ஒட்டுப் போடும் பொருள்கள், மாற்று டியூப் யாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்து, எமக்கு முன்னே கடைசிக்கு முந்திய வரிசையில் இருக்கச் சொன்னோம். பழுது எங்கே என்றாலும் அவர்களே முன்னோக்கி விரைய வேண்டும். வேகத்திற்கு ஒரு வேலை கிடைத்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி. முன்னால் வழிகாட்டியாக உதவியாசிரியர். அவரை அடுத்து எல்லோருக்கும் சிறியவன். அவன் வேகமே அனைவரின் வேகம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, ஒவ்வொருவரும் தம் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். தொழுகை நேரத்தில் வண்டிகளுக்குக் காவல் யார் என்ற பேச்சு வந்தபோது, எம்மிடம் தமிழ் படிக்கவரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவர், முஸ்லிமல்லாதவர்கள், "அது எங்க வேலை ஹஜ்ரத்" என்று முந்திக்கொண்டார்கள்.

செலவுக்கு ஒரு மூடிய பெட்டி வைத்தோம். யார் எவ்வளவு போட்டார் என்பதை நாமும் அறியோம். மொத்தம் மட்டும் எண்ணினோம். சிறிது குறைந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயர் சொல்லக் கூடாதென்று கூறி நிரப்பினார்.

இவ்வளவும் ஆனபின் ஒரு மாலை, அஸருக்குப் பின், ஒருவர் பதின்மூன்று வயது மகனோடு எம் வாசலில் வந்து நின்றார். சலாம் உரைத்தார். தாடி வைத்த முகம். ஆயினும் கண்கள் மாறவில்லை. புளியமரத்தடிச் சிறுவன்! இப்போது மேலூரில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவருடைய மகன் எம்மிடம் சில மாதங்களாகத் தமிழ் படிக்க வருகிறான். இன்னாரின் மகன் என்பதை நாம் விசாரித்து அறியவில்லை. அதுவும் எம் குறையே.

அமரச் சொன்னோம், அமரவில்லை. "பையன் பயணத்துக்கு வரணும்ங்கிறான். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் ஹஜ்ரத். கடைசியில யார் வர்றது?" என்றார்.

நாம் ஒன்றும் சொல்லாமல் நோட்டின் முதற்பக்கத்தைத் திறந்து காட்டினோம். படித்தார். நெடுநேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் எழுந்து நின்று, அன்று திரும்பிப் பாராததற்காகவும், பின்பு தேடி வராததற்காகவும் மன்னிக்க வேண்டும் என்று மகனின் முன்னிலையிலேயே கேட்டோம். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிரும் ஹஜ்ரத்" என்றார் அவர். பிறகு, "பையனை அனுப்புறேன்" என்று சொல்லி, அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்டார். வாசலில் இறங்கியதும் குனிந்து மகனின் வண்டிச் சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். தொய்வு இருந்தது போலும், ஸ்பேனர் கேட்டார். கொடுத்தோம். பின்சக்கரத்தைச் சற்றே இழுத்து முடுக்கினார். அவர் முடுக்க, நாம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

பிள்ளைகளைப் பயணம் அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எம் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுவே: வழியையும் உணவையும் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். உங்கள் கூட்டத்தில் மிகவும் மெதுவாக வருபவன் யார் என்பதைப் புறப்படுமுன் நீங்களே கண்டறியுங்கள். அவனுக்குப் பின்னால் செல்லுங்கள். யாரேனும் ஒருவன் நின்றுபோனால், பயணத்திலாயினும் படிப்பிலாயினும், அன்றே அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திராதீர்கள்.

பட்டியலில் இப்போது பதினைந்து பெயர்கள். இன்ஷா அல்லாஹ், டிசம்பர் கடைசி வாரத்தில் புறப்படுகிறோம். பதினைந்து பேரும் நலமுடன் திரும்பத் துஆச் செய்யுங்கள். பிறான்மலையின் உச்சியிலிருந்து என்ன கண்டோம் என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லியிருக்கிறோம். கடைசி வண்டியிலிருந்து எமக்குத் தெரியப்போவது அவர்களின் முதுகுகள் மட்டுமே. அவற்றை எண்ணிக்கொண்டே வருவோம்.